ஏட்காம் வைவாவில் நான் வாயடைத்துப்போன கதை

எங்கள் 2019 எம்.பி.பி.எஸ். பேட்சுக்குத்தான் ஏட்காம் (மருத்துவ மாணவர்களுக்கு மனப்பான்மை, நெறிமுறை, நோயாளியிடம் பேசும் முறை சொல்லித்தரும் பாடம்) முதலில் வந்தது. சீனியர்களிடம் நோட்ஸ் கிடையாது. "நாலு பிரின்சிபிள்தானே, கதை அடிச்சிடலாம்" என்று எல்லோரும் விட்டுவிட்டோம். நானும் முந்தின ராத்திரி தன்னாட்சி (தன் சிகிச்சையை நோயாளியே முடிவு செய்வது), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று உருப்போட்டுக்கொண்டு வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் போனேன்.

எக்ஸாமினர் ஒரு கேஸ் சொன்னார். அறுபது வயதுக்காரர், இரைப்பையில் புற்றுநோய். மகன் நம்மைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், உடைஞ்சுபோயிடுவார்" என்கிறார். என்ன செய்வீர்கள்?

"தன்னாட்சி சார், நோயாளியிடம் சொல்லிவிடுவேன்."

"எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவரைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. தன்னாட்சி என்று சொல்லிவிட்டு, அவருக்காக நானே முடிவெடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு பி.ஜி. அக்கா சொல்லிக்கொடுத்தார். முதலில் நோயாளியிடம் போக வேண்டும். "உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்க? ரிப்போர்ட் வந்தா உங்ககிட்டயே சொல்லட்டுமா, பையன்கிட்ட பேசட்டுமா?" அவர் "பையன்கிட்டயே பேசிக்கோங்க" என்றால் அதுவும் அவர் முடிவுதான். மகனிடம் சட்டம் பேசக் கூடாது. எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்க வேண்டும். எழுத்துத் தேர்வில் இந்த வரிசையை எழுதினாலே விடை பாதி முடிந்துவிடும். அதோடு, நோயாளி முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா, அவசரமா என்று இரண்டு வரி. எந்தக் கொள்கை எதோடு முட்டுகிறது என்பதைக் கடைசியில் எழுதுங்கள். நாங்கள் எல்லோரும் தலைகீழாக எழுதினோம்.

வழக்கு ஒன்றாவது முழுசாகத் தெரிந்திருக்கட்டும். என் தேர்வு, 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கு. 44 வயதுப் பெண். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருக்கிறார். வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, அவர் கண் விழிக்கும்வரை காத்திருக்கலாம். வயதுவந்தவருக்காகத் தாய் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்பதும் இதில்தான் வருகிறது. சம்மதம் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் இதை வைத்து ஒரு பக்கம் ஓட்டலாம்.

முன்கூட்டிய மருத்துவ உயில் (பின்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று இப்போதே எழுதிவைப்பது) பற்றிக் கேட்டால், அதை அனுமதித்த 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு நின்றுவிடாதீர்கள். மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்து என்பதை 2023-இல் தளர்த்தி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்று ஆக்கிவிட்டார்கள்.

சர்ஜரி போஸ்டிங்கில் இருக்கிறவர்கள், கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்து வாங்கும்போது ஒருநாள் பக்கத்தில் போய் நில்லுங்கள். நான் நின்ற அன்று, கட்டிலில் இருந்த பெரியவர் தலையணைக்கு அடியில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். பேனா மருமகன் கையில் இருந்தது.