பழைய பிரேவேக்கு நூறு வெள்ளி வைத்தியம்

என்னுடையது 2012ஆம் வருட புரோட்டோன் பிரேவே டர்போ கார். 1.6 லிட்டர், 138 குதிரைத்திறன். போன வருடம் ஈஜோக் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முந்தப் போனேன், எவ்வளவு மிதித்தும் வண்டி எழவே இல்லை, பாதியிலேயே பின்வாங்கி லோரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். ஒரு பட்டறையில் காட்டினால், கழற்றிக்கூடப் பார்க்காமல் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம்) போச்சு, மாத்தணும் என்றார்கள். அவ்வளவு காசுக்கு நான் எங்கே போவது?

பக்கத்து வீட்டு அண்ணன் தோட்டத்தில் டிராக்டர் பார்க்கிறவர். "டர்போவ விடு தம்பி, மொதல்ல காத்து எங்க ஒழுகுதுன்னு பாரு" என்றார். ஹார்ட்வேர் கடையில் ஒரு பிவிசி மூடி, டயர் கடையில் ஒரு வால்வு வாங்கினோம். மூடியில் துளை போட்டு வால்வைப் பொருத்தி, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டர்போவின் வாயில் மூடியை இறுக்கினோம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், 10 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும், மூடிக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. கம்பிரஸரால் மெல்லக் காற்றுவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைக் குழாய் நெடுகத் தெளித்துக்கொண்டே வந்தோம். இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆறவைப்பது) குழாயின் அடிப்பக்கம், கிளிப்பை ஒட்டி, நகத்தளவு வெடிப்பு. அங்கே நுரை கொப்புளம் கொப்புளமாக எழும்பி உடைந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, நான் தினமும் பானட்டைத் திறந்து பார்த்த இடம்தான். சிலிக்கன் குழாய், இரண்டு புதுக் கிளிப், எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது.

அப்புறம் சூடு. 1917இல் மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம்தான் (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான்), இங்கே தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டிக்குள் செம்மண் புகாத இடமே கிடையாது. இன்டர்கூலர் தகடுகளுக்கு நடுவில் மண்ணும் பூச்சியும் அப்பிக் கிடந்தன. தண்ணீரை வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும், அதனால் சோப்புநீரில் ஊறவிட்டு மெதுவாகக் கழுவினேன். காற்று சூடாகப் போனால் எஞ்சின் நாக் அடிக்கும் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்து உள்ளே தட்டும்), எஞ்சின் கணினி உடனே இக்னிஷனை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்தள்ளும், வேகம் அங்கேயே போய்விடும். ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். ஸ்பார்க் பிளக்கும் பாருங்கள். முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால், டர்போ அழுத்தம் ஏறும்போது பொறி அணைந்து வண்டி திக்கும்.

திறந்த ஏர் ஃபில்டர் வாங்காதீர்கள், அது பானட்டுக்குள் இருக்கும் சூட்டைத்தான் உறிஞ்சும். 'புஸ்ஸ்' என்று சத்தம் போடும் வால்வு வேகத்தைக் கூட்டாது. அந்தக் காசுக்கு நல்ல ஃபுல்லி சிந்தெட்டிக் எண்ணெய் ஊற்றி, நேரத்துக்கு மாற்றுங்கள், டர்போவுக்கு உயிரே எண்ணெய்தான்.

அழுத்தத்தை ஏற்றிக் கணினியை மாற்றிக்கொள் என்று மச்சான் இன்னும் விடாமல் சொல்கிறான். எஞ்சின் தாங்கலாம், ஆனால் என்னுடையது சிவிடி கியர் (பல்சக்கர கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர்), உள்ளே இருக்கிற ஸ்டீல் பெல்ட் வழுக்க ஆரம்பித்தால் கியர்பாக்ஸே போய்விடும். இப்போது லோரியை நிம்மதியாக முந்துகிறேன், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த பிவிசி மூடி இன்னும் வீட்டில் இருக்கிறது, பிரேவே வைத்திருக்கும் பக்கத்து ஆட்கள் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.