பழைய பியானோவை விற்கப் போய்த் தந்தத்தில் மாட்டிக்கொண்டேன்

விளம்பரம் போட்டு ஒரு ராத்திரிதான் ஆகியிருக்கும், காலையிலேயே போன். லண்டனில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் யாழ்ப்பாணத் தம்பி. "அண்ணை, முதல்ல அந்த விளம்பரத்தை எடுங்கோ. உந்த வெள்ளைக் கட்டையெல்லாம் யானைத் தந்தம்!"

தந்தம் என்பது எனக்கும் தெரியும். மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள், சின்ன வீட்டுக்கு மாறுகிறோம், பியானோ போயாக வேண்டும். தந்த வியாபாரத்தைத் தடை செய்து, விலக்குள்ள சில பொருள்களை மட்டும் அரசிடம் பதிந்தபின் விற்கவிடும் பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6இல் நடைமுறைக்கு வந்தபின், அந்த அக்டோபரில்தான் ஒரு பாட்டியிடம் இதை வாங்கினேன். பதிவு எண்ணையும் அவரே கொடுத்தார். எண் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன். அங்கேதான் தப்பு. அந்த 20 பவுண்டு பதிவு, கை மாறியதும் செல்லாது. விற்பவர் தன் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும். பதியாமல் விளம்பரம் போடுவதே குற்றம், பொருள் விற்றதா இல்லையா என்பதெல்லாம் கணக்கே இல்லை. ஐந்து வருடம் வரை சிறை அல்லது 2,50,000 பவுண்டு வரை அபராதம் என்று படித்ததும் விளம்பரத்தைத் தூக்கிய வேகம் இருக்கிறதே!

சரி, ஏலக்கடைக்காரரிடமே கேட்போம் என்று லீவு போட்டு, இரண்டு ரயில் மாறிப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் போட்டோவைக்கூடப் பார்க்காமல், "250 பவுண்டு சான்றிதழ் இல்லாமல் தொடமாட்டோம்" என்றார். 1918க்கு முந்தைய, மிக உயர்ந்த கலைமதிப்புள்ள அரிய பொருள்களுக்குத்தான் அந்தச் சான்றிதழ். அதற்கு நிபுணர் பரிசோதனை உண்டு, பொருளோடு சேர்ந்து புது உரிமையாளருக்கும் போகும். என் பியானோவுக்கு எதற்கு அது? 1975க்கு முன் செய்த இசைக்கருவி, கன அளவில் தந்தம் 20 சதவீதத்துக்குக் கீழே, 20 பவுண்டு பதிவுக்கு அவ்வளவு போதும். வெள்ளைக் கட்டைகளின் மேல் மெல்லிசாக ஒட்டிய தகடு அதில் எத்தனை சதவீதம் வந்துவிடும்! இதையெல்லாம் வீட்டுக்கு வந்து நானே அரசு வலைத்தளத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் லீவு போனதுதான் மிச்சம்.

படிவம் சுலபம், வயதுக்கு ஆதாரம் கேட்ட இடத்தைத் தவிர. பாட்டியிடம் ரசீது இல்லை. கடைசியில் ட்யூன் பண்ண வருபவர் மேல்மூடியைத் திறந்து, இரும்புச் சட்டத்தில் இருந்த வரிசை எண்ணைப் பார்த்து, முதல் உலகப் போருக்கு முந்தையது என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார். அந்த எண்ணையும் கட்டைகளையும் போட்டோ எடுத்து ஏற்றினேன், பணம் கட்டினேன், பதிவு எண் வந்தது. உங்கள் வீட்டுப் பியானோவில் இருப்பது தந்தமா, பிளாஸ்டிக்கா என்று சந்தேகமா? டார்ச் அடித்துப் பாருங்கள். தந்தமென்றால் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டையின் தகடும் இரண்டு துண்டாக இருக்கும், இணைப்புக் கோடும் மெல்லிய ரேகைகளும் தெரியும். ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், கட்டைதான் பாழாகும்.

மறுபடி விளம்பரம், இந்த முறை பதிவு எண்ணோடு. ஒருவர் வெள்ளைத் தகடுகளை மட்டும் உரித்துத் தரச் சொன்னார். மாட்டவே மாட்டேன் என்றேன். உரித்துவிட்டால் அது இசைக்கருவி இல்லை, வெறும் தந்தம், விலக்கும் போச்சு. "சும்மா யாருக்காவது கொடுத்துத் தொலைங்க" என்றாள் மனைவி. அன்பளிப்புக்குத் தடையில்லை, பதிவும் வேண்டாம், ஆனால் இவ்வளவு அலைந்தபின் எனக்கு மனசு வரவில்லை.

120 பவுண்டுக்கு ஒரு பியானோ டீச்சர் எடுத்துக்கொண்டார். "விற்பதானால் என் எண் உங்களுக்கு உதவாது, நீங்களே பதிய வேண்டும்" என்று இரண்டு தரம் சொன்னேன். விற்கிற எண்ணமே இல்லை என்று சிரித்தார். 2022இல் அந்தப் பாட்டியிடம் நானும் அதையேதான் சொன்னேன்.