திரையின் நிஜ அளவுக்கு ஸ்கேல்தான் சாட்சி

பிடிஎஃப் பக்கம் ஒன்றை, திரையில் அசல் அளவிலேயே தெரியும்படி படமாக மாற்ற வேண்டும் என்று வையுங்கள். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று மென்பொருள் கேட்கும். பலரும் விண்டோஸ் சொல்லும் 96-ஐப் போட்டுவிடுகிறார்கள். அது உங்கள் திரையை அளந்து வந்த எண் அல்ல; எழுத்தின் அளவைக் கணக்கிட வைத்துக்கொண்ட ஏற்பாடு. பழைய மேக்கின் 72-உம் அப்படித்தான்.

முதலில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷனுக்குப் பக்கத்தில் 'ரெக்கமெண்டட்' என்று இருக்கிறதா பாருங்கள்; திரையின் அசல் பிக்சல் எண்ணிக்கை பெரும்பாலும் அதுதான். பிறகு வெள்ளைப் படம் ஒன்றை முழுத்திரையில் திறந்து, ஒளிரும் பகுதியின் அகலத்தை மட்டும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சட்டத்தைச் சேர்க்கக் கூடாது. வளைந்த மானிட்டர் என்றால் தையல் டேப்பை வளைவோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

15.6 அங்குல லேப்டாப்பில் அகலம் சுமார் 344 மி.மீ. வரும். ரெசல்யூஷன் 1920 x 1080 என்றால், அகலத்தின் 1920 பிக்சலை 344-ஆல் வகுத்து, ஓர் அங்குலத்தின் 25.4 மில்லிமீட்டரால் பெருக்கினால் அங்குலத்துக்கு 141.8 பிக்சல். ஏ4 தாளின் 210 மி.மீ. அகலத்துக்கு 1172 பிக்சல் தேவை. 96-ஐ நம்பியிருந்தால் 794-தான் கிடைத்திருக்கும், பக்கம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியிருக்கும். அளப்பதில் 1 மி.மீ. தவறினாலும் பிழை 0.3 சதவீதம்தான், கவலை வேண்டாம். உயரத்தையும் அளந்து கணக்குப் போடுங்கள்: இரண்டு விடைகளும் தெளிவாக வேறுபட்டால் படம் இழுக்கப்படுகிறது, ரெசல்யூஷன் அசல் அல்ல.

லினக்ஸில் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளை மில்லிமீட்டர் அளவையே காட்டும். மானிட்டர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் தகவல் அது. லேப்டாப்பில் பெரும்பாலும் சரியாக இருக்கும். டிவியை இணைத்தால் 160க்கு 90 மி.மீ. என்று சொன்னாலும் சொல்லும்! அது வெறும் 16:9 விகிதம்.

இன்னொரு குழப்பம்: ஏற்கெனவே உள்ள படத்தில் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணை மட்டும் மாற்றினால் ஒரு பிக்சல்கூட மாறாது. அச்சுக்கு அது உதவும். திரையில் அளவு மாற, பிக்சல் எண்ணிக்கையைத்தான் மாற்ற வேண்டும்.

சரிபார்க்க ஏடிஎம் கார்டு போதும், அகலம் 85.6 மி.மீ. 141.8 திரைக்கு 478 பிக்சல் அகலத்தில் ஒரு பெட்டி வரைந்து, பிரவுசரில் 100 சதவீதத்தில் திறந்து கார்டை மேலே வையுங்கள். பெட்டி 107 மி.மீ. இருந்தால் விண்டோஸ் ஸ்கேலிங், அதாவது எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு, 125 சதவீதத்தில் இருக்கிறது. 128 என்றால் 150 சதவீதம். கணக்கைத் தொடாதீர்கள், பிரவுசர் ஜூமை முறையே 80, 67 என்று குறைத்துப் பாருங்கள்.