ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி அட்டாக் வராதா?

எனக்கு ஹார்ட் அட்டாக் வந்து, அடைத்த இதய ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பி வலையை வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். "ஸ்டென்ட் வெச்சாச்சே டாக்டர், இனி அட்டாக் வராதுதானே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடைப்பு இருந்த இடத்தைச் சரி பண்ணியிருக்கோம்மா. அடைப்பைக் கொண்டுவர்ற நோய் அப்படியேதான் இருக்கு" என்றார். அன்று எனக்கு அது புரியவில்லை. ஆபரேஷன் முடிந்தால் நோயும் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். புரிய ஒன்பது மாதம் ஆனது.

எனக்கு வயது 54. எனக்கு வந்த அட்டாக்கில் நெஞ்சுவலி பெரிதாக இல்லை. கீழ்த்தாடையிலும் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவிலும் ஒரு கனமான வலி, கொஞ்சம் வியர்வை. தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாலு மணி நேரத்தை வீணாக்கினேன். பெண்களுக்கு இப்படி வருவது அபூர்வமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மணிக்கட்டு வழியாக, இதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ செய்து, அப்போதே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

முதல் செக்கப்பில் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு குழாய் வரைந்து, அதற்குள் வலைபோல நாலு கோடு போட்டார். "இந்தக் கம்பி உங்க உடம்புக்குப் புதுசு. ரத்தத்துல இருக்கிற தட்டணுக்கள் இதைக் கண்டா ஒட்டிக்கிட்டு ரத்தக்கட்டியா உறையப் பார்க்கும். குழாயோட உள்தோல் இதுமேல மூடி வளர்றவரைக்கும் ஆபத்து உண்டு." ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் குழாய் திடீரென்று மொத்தமாக அடைத்துக்கொள்ளும், அதுதான் பெரிய அட்டாக். அப்படி நடப்பது குறைவு. ஆனால் நடந்தால் பெரும்பாலும் முதல் மாதத்துக்குள் நடக்கும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது அதற்கு மிக முக்கியமான காரணம்.

இன்னொன்று, ஸ்டென்ட்டுக்குள்ளேயே தசை வளர்ந்து மெல்ல மெல்லச் சுருங்குவது. இது மாதக்கணக்கில் ஆகும். நடந்தால் மறுபடி வலி வரும், எச்சரிக்கை கிடைக்கும். 1977இல் பலூன் சிகிச்சை ஆரம்பித்தபோது விரித்த குழாய் திரும்ப மூடிக்கொள்வது பெரிய தலைவலியாக இருந்ததாம். 1986இல் மனிதர்களுக்கு முதல் ஸ்டென்ட் வைத்தார்கள். வெறும் கம்பியிலும் தசை வளர்ந்ததால்தான் பிற்பாடு மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. எனக்கு வைத்ததும் அதுதான்.

ரத்தம் உறையாமலிருக்க எனக்குத் தந்தது இரண்டு மாத்திரை: ஆஸ்பிரின் ஒரு வேளை, டிகாக்ரெலார் காலை எட்டு, இரவு எட்டு. ஒரு வருடத்துக்கு. என் மகன் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தான்.

மூன்றாம் நாளே சோதனை ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பேன், திடீரென்று மூச்சை நன்றாக இழுத்துவிட வேண்டும் போலிருக்கும். மறுபடி அட்டாக்கோ என்று கை கால் நடுங்கும். உடனே போய்க் காட்டினேன். இசிஜி, எக்கோ என்ற இதய ஸ்கேன் இரண்டும் சரியாக இருந்தன. டிகாக்ரெலார் சிலருக்கு இப்படி மூச்சுமுட்டலைத் தருமாம். "தாங்க முடியலன்னா வேற மாத்திரைக்கு மாத்தலாம். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். நான்கு வாரத்தில் குறைந்துவிட்டது. பயந்துபோய் வீட்டிலேயே அந்த மாத்திரையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

நாலாம் மாதம் கடைவாய்ப்பல் ஒன்று சீழ் பிடித்தது. பல் மருத்துவமனையில், "ரத்தம் நிற்காது, ரெண்டு மாத்திரையையும் அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். சொன்னவர் மேல் நம்பிக்கை வைத்து அன்று இரவு மாத்திரையைக் கையில் வைத்தபடி வெகுநேரம் நின்றேன். என் கணவர்தான், "இதய டாக்டரைக் கேட்காம ஒண்ணையும் நிறுத்தாதே" என்றார். போனில் கேட்டதும் டாக்டரின் குரலே மாறிவிட்டது. "நிறுத்தவே கூடாதும்மா. மாத்திரையோடவே எடுக்கச் சொல்லுங்க, நான் அவங்ககிட்ட பேசறேன்."

அப்படியே எடுத்தார்கள். இரண்டு தையல் போட்டு, மடித்த துணியை அழுத்திக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். எச்சிலில் சிவப்புத் தெரியத் தெரிய எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. பல்லில் வரும் ரத்தம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதற்குப் பயப்படுகிறார்கள். ஸ்டென்ட்டுக்குள் உறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தயவுசெய்து, பல்லோ வேறு சின்ன ஆபரேஷனோ, யார் நிறுத்தச் சொன்னாலும் முதலில் இதய டாக்டரிடம் கேளுங்கள். பல்வலிக்குக் கடையில் வாங்கும் இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையும் ஆஸ்பிரினோடு ஒத்துப்போகாது. அதையும் கேட்டுத்தான் போட வேண்டும்.

ஒன்பதாம் மாதம் ஒரு விடியற்காலை அதே தாடை வலி. இந்தத் தடவை தைலத்தைத் தேடவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் ஸ்டென்ட் அட்டையைத்தான் முதலில் நீட்டினேன். எங்கே, எந்தத் தேதியில், எந்த அளவு வைத்தார்கள் என்பது அதில் இருக்கும். இசிஜியில் மாற்றம் இல்லை. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினை இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்தார்கள், இரண்டும் ஏறவில்லை. ஆனாலும் சந்தேகம் தீர ஆஞ்சியோ செய்தார்கள்.

ஸ்டென்ட் சுத்தமாக இருந்தது. வலதுபக்கக் குழாயில் 50 சதவீத அடைப்பு இருந்தது. மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒப்பிட்டதில் 0.88 வந்தது. 0.80க்கு மேல் இருந்தால் ரத்த ஓட்டம் போதும் என்று அர்த்தமாம். "இருந்தாலும் அதுக்கும் ஒண்ணு வெச்சிடுங்களேன்" என்றேன். பயம்தான் அப்படிப் பேச வைத்தது.

அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பிய நாளில் சொன்னதை டாக்டர் விளக்கினார். அட்டாக் வருவது குழாய் குறுகிக் குறுகி மூடுவதால் மட்டும் இல்லை. கொழுப்புப் படிவத்தின் மேல்தோல் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் பெரும்பாலும் வருகிறது. கிழிவது சின்னப் படிவமாகவும் இருக்கலாம். 2011இல் வெளிவந்த ப்ராஸ்பெக்ட் என்ற ஆய்வில், அடைப்பைச் சரிசெய்த சுமார் 700 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். பிறகு வந்த இதயப் பிரச்சினைகளில் ஏறக்குறைய பாதி, கைவைக்காத வேறு இடங்களிலிருந்து வந்தவை. எல்லா இடத்திலும் ஸ்டென்ட் வைக்க முடியாது. எல்லாக் குழாய்க்கும் போய்ச் சேர்வது மாத்திரைதான்.

கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் எனக்கு அன்று 94. அட்டாக் வந்தவர்களுக்கு 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினோடு எஸெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையும் சேர்த்தார். ரத்த அழுத்தத்தையும் வீட்டில் பார்த்து எழுதச் சொன்னார். தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். மூன்று மாதத்தில் எல்டிஎல் 52 வந்தது. அந்த ரிப்போர்ட்டை நான் இரண்டு முறை படித்தேன்.

போன வாரம் வருடம் முடிந்தது. ரத்தக்கசிவு அபாயத்தையும் அட்டாக் அபாயத்தையும் எடைபோட்டுப் பார்த்து, டிகாக்ரெலாரை நிறுத்தச் சொன்னார், ஆஸ்பிரின் தொடரும். எட்டு மணி அலாரத்தை மகன் எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்த நேரத்தில் இப்போது கொழுப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன்.