உண்ணிச்செடியைத் தூரோடு எடுப்பது எப்படி

மசினகுடிப் பக்கம் சாலையோரப் புதரைப் பார்த்து "காடு என்ன பச்சையா இருக்கு" என்று மகிழ்கிறவர்கள் பலர். அந்தப் பச்சையில் பெரும்பங்கு உண்ணிச்செடி (லண்டானா). புள்ளிமானோ காட்டுமாடோ அதை விரும்பித் தின்பதில்லை. இலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. பசிக்குத் தின்ற மாட்டுக்குக் காமாலை கண்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். புதரின் நிழலில் புல்லும் முளைக்காது. ஒரு மரம்கூட விழாமலே மேய்ச்சல் காடு தொலைந்துபோகிறது.

அமெரிக்க வெப்பமண்டலச் செடி இது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவின் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. மிச்சத்தை, பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் சின்னான்களும் மைனாக்களும் பார்த்துக்கொண்டன.

அகற்றும் வேலையில் முதல் தவறு அரிவாள். தரைக்கு மேலே வெட்டினால், தண்டும் வேரும் சேரும் கழுத்திலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். இரண்டாவது தவறு ஜேசிபி. மண்ணைப் புரட்டினால், உள்ளே கிடக்கும் விதைகளுக்கு வெளிச்சம் காட்டியதாகிவிடும். தீயும் வைக்கக் கூடாது. காய்ந்த புதர் ஏணிபோல் நின்று தீயை மரக்கிளைவரை ஏற்றிவிடும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு வைத்த சிறு தீ வேறு வகை. அதைத் தடுத்த பிறகுதான் உண்ணி பெருகியது என்கிறார்கள் அவர்கள். அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

சரியான முறை, சூழலியல் அறிஞர் சி. ஆர். பாபு குழுவினர் உத்தராகண்டின் கார்பெட் காட்டில் செய்து காட்டியது. மண் ஈரமாக இருக்கும்போது, காய் பழுக்கும் முன்பு இறங்க வேண்டும். தூரைக் கையால் பிடித்துக்கொண்டு, கனமான கொத்தால் ஆணிவேரை மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் துண்டித்தால் போதும். வேர் முழுவதையும் தோண்ட வேண்டாம். எடுத்த புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈர மண்ணில் படும் கணு வேர் பிடித்துவிடும்; இதை மறந்துதான் பலர் ஒரு மாத உழைப்பை இழக்கிறார்கள். தண்டை வீணாக்கவும் வேண்டியதில்லை: கூடலூர்ப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதில் செய்த, நிஜ யானை அளவுள்ள யானை உருவங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

வெட்டுக்கூலியை மட்டும் ஒதுக்கி வேலையை முடித்துக்கொள்வது பணத்தைக் கொட்டுவதற்குச் சமம். அடுத்த மழைக்குப் பின் நாற்றுகள் கிளம்பும். சாண் உயரத்துக்குள் கையால் பிடுங்கிவிடலாம். பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியை முதலில் பார்க்க வேண்டும், எச்சத்தில் விழும் விதை அங்கேதான் குவியும். குறைந்தது இரண்டு ஆண்டு இது தொடர வேண்டும். வெறும் தரையாக விட்டால் பார்த்தீனியம் என்ற இன்னொரு களை பிடித்துக்கொள்ளும். ஆகவே அதே காட்டில் சேகரித்த புல்விதையை முதல் மழையிலேயே தூவிவிட வேண்டும். கையில் இருக்கும் விதை எத்தனை ஏக்கருக்குக் காணுமோ, அத்தனை ஏக்கரை மட்டும் அந்த ஆண்டு திறந்தால் போதும்.