கட்டடத்துக்குப் பத்து நிமிடம், ஆசிரியருக்கு அடுத்த கூட்டம்

கல்லூரி ஆட்சிக்குழுக் கூட்டத்தில் நான் வாய் திறந்து பேசியது மிகக் குறைவு. பேசுவது என் வேலையும் இல்லை. வடசென்னையில் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். கூட்டத்தில் பேச வேண்டிய பொருள்களின் பட்டியலை (அஜெண்டா) தயாரிப்பது, கோப்புகளை வரிசைப்படுத்தி மேசையில் வைப்பது, கல்லூரி முதல்வருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) எழுதுவது, இவ்வளவுதான் என் பங்கு. பேசாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. யார் எந்தப் பொருளுக்கு முன்னால் நகர்ந்து உட்காருகிறார்கள், எது வந்தால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு முடிவெடுக்கும் சிண்டிகேட் எப்படியோ, தன்னாட்சிக் கல்லூரிக்கு ஆட்சிக்குழு அப்படி. யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 விதிகளின்படி எங்கள் குழுவில் நிர்வாகத் தரப்பில் ஐந்து பேர், மூத்த ஆசிரியர்கள் இரண்டு பேர், கல்வியாளரோ தொழிலதிபரோ ஒருவர், யூஜிசி, மாநில அரசு, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பிரதிநிதிகள், அப்புறம் முதல்வர். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். இரண்டு முறைதான் கூடினார்கள். ஆகவே ஒரு பொருள் ஒத்திவைக்கப்பட்டால் ஆறு மாதம் போச்சு என்று அர்த்தம். ஒத்திவைக்கப்பட்ட பொருள்களில் பெரும்பாலானவை ஆசிரியர் நியமனம் சார்ந்தவை. கட்டடம் சார்ந்த பொருள் ஒத்திவைக்கப்பட்டதாக என் கைப்பட எழுதிய நினைவே இல்லை.

எங்கள் ரெக்கார்ட் கிளார்க் காசிமேட்டுக்காரர். கூட்ட நாளில் டீ கொண்டு வைத்துவிட்டு வெளியே போகும்போது என்னிடம் குனிந்து, "இன்னா சார், இன்னிக்கும் பில்டிங்தானா?" என்பார். பில்டிங்காகத்தான் இருக்கும்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பணம் எந்தத் தலைப்பில் வருகிறதோ அந்தத் தலைப்பில்தான் செலவாக வேண்டும். பதினொன்றாம், பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் யூஜிசி கல்லூரிகளுக்கு வளர்ச்சி நிதி கொடுத்தது. பெண்கள் விடுதி கட்டுவதற்கென்றே தனித் திட்டமும் இருந்தது. கட்டடத்துக்கு வந்த பணத்தில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாதச் சம்பளம்கூடப் போட முடியாது. செலவழிக்காவிட்டால் அடுத்த தவணை வராது. தணிக்கையாளர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் மிச்சப் பணம். இப்படி ஒரு கெடு தலைக்கு மேல் நிற்கும்போது எந்தக் குழுவும் சீக்கிரம் கையைத் தூக்கிவிடும். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஒரு கட்டடத்துக்கு மட்டும் பத்து நிமிடம் போதவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் குழு நன்றாக வேலை செய்த நாள் அது.

எங்கள் பக்கத்து மண் பொல்லாதது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய பகுதி. சில அடி தோண்டினால் தண்ணீர் ஊறும், அதிலும் உப்பு. கீழே போகப் போகக் களி. பழைய கட்டடத்தில் வருடா வருடம் சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிரும், பெயின்ட் அடித்து மறைப்போம். மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த பொறியாளர், புதிய பிளாக்குக்குச் சாதாரண அஸ்திவாரம் போதாது, பைல், அதாவது ஆழத்துக்குப் போகும் அஸ்திவாரத் தூண்கள், இறக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். எஸ்டிமேட் எகிறியது. நிர்வாகத் தரப்பு உறுப்பினர் ஒருவர், "அந்தக் காசுக்கு மேல இன்னொரு மாடியே போடலாமே?" என்றார். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் கட்டடக் குழுவில் இருந்தார். அவர் சத்தமே போடாமல், "பின்னாடித் தெருவுல போய்ப் பாருங்க சார், காம்பவுண்ட் சுவர் எப்படிச் சாஞ்சிருக்குன்னு. அதுக்கு மேல மாடிகூடக் கிடையாது" என்றார்.

அப்புறம் தரைமட்டம். சென்னையில் ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் சாலை ஏறுகிறது, பழைய கட்டடங்கள் பள்ளத்துக்குப் போகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தளப் பதிவறையில் தண்ணீர் புகுந்து, பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மொட்டை மாடியில் கயிறு கட்டிக் காயவைத்தோம். அதை நினைவில் வைத்து, புதிய பிளாக்கின் தரையை நன்றாக உயர்த்தச் சொல்லிக் குழு தீர்மானம் போட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது பழைய பிளாக்கில் முழங்கால் தண்ணீர், புதிய பிளாக்கில் ஒரு சொட்டு இல்லை. எண்ணூரிலும் மணலியிலும் இருந்து வரும் பிள்ளைகள், கல்லூரி திறந்ததும் புதிய பிளாக்கில்தான் பரீட்சை எழுதினார்கள். மண்ணுக்குள் புதையும் காசுக்குக் கடைசியில் ஒப்புக்கொண்ட அந்தக் கூட்டத்துக்கு என் வணக்கம்.

இதே கவனம் ஆசிரியர் விஷயத்தில் ஏன் வரவில்லை என்பதுதான் என்னை உறுத்திய கேள்வி.

உதவி பெறும் கல்லூரியில் ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருவதற்குள் என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பணியிடத்தை நிரப்ப அனுமதி கேட்டுக் கருத்துரு தயாரித்து மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து கல்லூரிக் கல்வி இயக்ககம், அங்கிருந்து செயலகம். நடுவில் விளக்கம் கேட்டுக் கோப்பு திரும்பி வரும். அனுமதி வந்த பிறகு இனச்சுழற்சி, அதாவது எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்ற வரிசை. தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியருக்கு 3.5 என்று அரைப் புள்ளிகள் வருவதால் சுழற்சி 200 புள்ளி வரை ஓடும். முன்பு யார் எந்தப் புள்ளியில் வந்தார்கள் என்ற பழைய பதிவேடு தெளிவாக இல்லாவிட்டால் மொத்தமும் சிக்கல். ஒரு புள்ளி தவறினால் நியாயமாக வரவேண்டிய ஒருவர் வாசலில் நிற்பார், அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போவார், போகத்தான் வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இடஒதுக்கீட்டைத் துறை துறையாகக் கணக்கிடுவதா, நிறுவனம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிடுவதா என்ற ஒரு கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2019-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் தீர்ந்தது. ஆகவே இது சும்மா குமாஸ்தா வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

விளம்பரம், விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் முடிந்து நேர்காணல். தேர்வுக் குழுவில் துணைவேந்தர் நியமிக்கும் இருவர், கல்லூரிக்குத் தொடர்பில்லாத பாட வல்லுநர்கள் இருவர், இன்னும் சிலர். ஐந்து பேராவது இல்லாவிட்டால் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை. இவர்கள் எல்லோருக்கும் ஒரே நாள் ஒத்துவர வேண்டும். தேர்வானவரின் தகுதியைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும், நியமனத்தை இணை இயக்குநர் ஏற்க வேண்டும். அதுவரை அவருக்குச் சம்பளம் கிடையாது.

பல்கலைக்கழகங்களின் நிலை இன்னும் மோசம். அங்கே தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தரே தலைவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவி காலியானது, ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் அது காலியாகவே கிடந்தது, ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகம் பார்த்தது. தலைவர் இல்லாத தேர்வுக் குழு யாரைத் தேர்ந்தெடுக்கும்?

சரி, வழி நீளம். அதனால்தான் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. யார் எப்போது ஓய்வு பெறுவார் என்பது அவர் பணியில் சேர்ந்த அன்றே தெரிந்த விஷயம். ஆனால் குழுவில் அது எப்போதும் திடீர்ச் செய்தியாகவே வரும். "அப்படியா? அவர் போயிட்டாரா? சரி, இப்போதைக்கு கெஸ்ட் போட்டுக்கோங்க, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்."

இப்போதைக்கு என்று போடப்பட்ட கெஸ்ட்கள், அதாவது கௌரவ ஆசிரியர்கள், வருடக்கணக்கில் இருந்தார்கள். ஏப்ரல், மே சம்பளம் இல்லை. ஜூனில் திரும்ப விண்ணப்பம் எழுதித் தருவார்கள், நான் வாங்கி முத்திரை குத்துவேன். முனைவர் பட்டம் வாங்கியவர், வியாசர்பாடியில் இருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, இங்கே காலை வகுப்பை முடித்துவிட்டு மாலையில் இன்னொரு கல்லூரிக்கு ஓடுவார். கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று 2019-இல் யூஜிசி வழிகாட்டுதல் வந்தது. அந்தக் கடிதத்தைக் குழுவின் பார்வைக்கு வைத்தேன். 'பார்வையிடப்பட்டது' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

அடுத்த விரிவாக்கத்துக்கு ஆறு வகுப்பறைகள் கொண்ட ஒரு தளம் கேட்டுப் பொருள் வந்தபோது, குறிப்பு தயாரிக்கும் சாக்கில் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் காலை ஷிப்டில் நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். ஆக ஓர் அறைக்கு 30 மணி நேரம், ஆறு அறைக்கு 180. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது யூஜிசி விதி. 180-ஐப் 16-ஆல் வகுத்தால் பதினொன்றுக்கு மேல். அதாவது ஆறு அறை கட்டுகிறோம் என்றால் பதினோரு ஆசிரியரையும் கேட்கிறோம் என்று பொருள். கட்டடக் குறிப்பில் சதுர அடி இருந்தது, சிமென்ட் இருந்தது, மின்விசிறி எத்தனை என்பதுகூட இருந்தது. ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. முதல்வரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தனியா வைக்க வேண்டாம், அதே பொருளுக்குள்ள ஒரு பத்தியாப் போடுங்க" என்றார்.

கூட்டத்தில் தலைவர் அந்த இடத்தில் நின்றார். "இது ஏன் கட்டடப் பொருளில் வருது? யார் போட்டது?" முதல்வர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து, "அறை தயாரானதும் டைம்டேபிள் போட வேண்டியிருக்கும் சார், அதுக்காக" என்றேன். மாநில அரசின் பிரதிநிதி அந்த எண்ணைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மூத்த ஆசிரியர் ஒருவர், அதுவரை ஒன்றும் பேசாதவர், இப்போதே இரண்டு பாடங்களில் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்து நடத்துவதைச் சொன்னார். அரைமணி நேரம் போனது. கடைசியில் தளத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கூடவே, நிர்வாகச் செலவில் நான்கு ஆசிரியர்களைப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் நியமிக்கலாம், அடுத்த ஐந்து ஆண்டு ஓய்வுப் பட்டியலை ஒவ்வொரு கூட்டத்திலும் வைக்கலாம் என்று இரண்டு வரி சேர்ந்தது. பதினொன்றுக்கு நான்கு. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏப்ரல், மே சம்பளம் வாங்கிய அந்த நான்கு பேருக்கு அது சின்ன விஷயமில்லை.

2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்தபோது, எங்கள் ஸ்டாஃப் ரூமே தேர்வு மையம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அந்தத் தேர்வும் தள்ளிப்போனது. புத்தகங்கள் மேசையிலேயே கிடந்தன.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பத்தியைக் குறிப்பின் மாதிரிப் படிவத்தில் இருந்து யாரும் எடுக்கவில்லை. கட்டடம் என்றால் ஆசிரியர் எண்ணிக்கையும் தானாகவே வந்து நிற்கிறது. என் இடத்துக்கு வந்தவர் போன மாதம் போன் செய்தார். கேன்டீனுக்கு ஷெட் போடும் பொருள் வருகிறதாம். "இதுலயும் அந்தப் பத்தி வருது சார், என்ன எழுதுறது?"

'பொருந்தாது' என்று எழுதச் சொன்னேன். எடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.