நாம்சேயில் தலைவலியும் குதிகாலும்

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிற வழியில் நாம்சே பஜாரில் இருக்கிறோம், 3,440 மீட்டர் உயரம். ஹிலாரி தொங்குபாலம் தாண்டியதும் வருகிற அந்த ஏற்றத்திலேயே உயரத்தால் வருகிற தலைவலி ஆரம்பித்துவிட்டது, ராத்திரி முழுக்க இரண்டு பொட்டும் விண்விண் என்று தெறித்தது. ஆனால் சாப்பாடு இறங்குகிறது, தள்ளாடாமல் நடக்க முடிகிறது, அதனால் பயமில்லை. தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் ஒரு அடிகூட மேலே வைக்கக் கூடாது, இறங்கிவிட வேண்டும், யாருக்கு வந்தாலும் சரி என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொண்டோம்.

3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், முந்தின ராத்திரி தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்கக் கூடாது. இன்று பகலில் கொஞ்சம் ஏறிவிட்டு மறுபடி இங்கேயே வந்து படுப்பதும் உடம்பை உயரத்துக்குப் பழக்கத்தான்.

அப்புறம் குதிகால். லேசாகக் காந்தும்போதே நின்று, ஷூவைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக் காயவிட்டு டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட வேண்டும். மற்றவர்கள் முன்னால் போனால் போகட்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டினால் வலி குறையுமே தவிர நடை பழையபடி வராது. தோள் கடுத்தால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள், பாரம் பெரும்பாலும் அங்கே இறங்கிவிடும்.

நாளை ஆற்றங்கரை வரை இறங்கி, தெங்போச்சே மடத்துக்கு 600 மீட்டர் ஏற்றம். எனக்கு இறக்கத்தில்தான் முழங்கால் வலிக்கிறது. கைத்தடி இருக்கிறது, வேறு என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.